46 டாலர் வாசல்

கலிஃபோர்னியாவில் பக்கத்து ஊர் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு ஆண்டு. பிறகு நேராகப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டு. வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. மறுபக்கம் போய்ச் சேருகிறவர்கள் ஏன் இவ்வளவு குறைவு?

மே மாதம் பிறந்தால் ஃப்ரீமான்ட், சான் ஹோசே, கூபர்டினோ பக்கத்துத் தமிழ் வீடுகளில் இப்படி ஒரு பேச்சு நடப்பது வழக்கம். திருச்சியிலிருந்து பாட்டி கேட்பார்: "பேரன் பன்னெண்டாவது முடிக்கப் போறானாமே, எந்த காலேஜ்ப்பா?" மகன் ஒரு நொடி எச்சில் விழுங்கிவிட்டுச் சொல்வார்: "பக்கத்துலயே ஒரு காலேஜ்மா. ரெண்டு வருஷம் அங்க படிச்சிட்டு அப்புறம் பெர்க்லி போயிடுவான்." கல்லூரியின் பெயர் வராது. 'கம்யூனிட்டி காலேஜ்' என்ற சொல் வரவே வராது. வந்தால் அடுத்த கேள்வி என்னவென்று மகனுக்குத் தெரியும்: "ஏன், வேற எங்கயும் எடம் கிடைக்கலையா?"

எச்சில் விழுங்க அவசியமே இல்லை. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியேகோ உள்ளிட்ட பத்து வளாகங்களைக் கொண்ட கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், சுருக்கமாக யூ.சி., இரண்டு முதலாண்டு மாணவருக்கு வேறு கல்லூரியிலிருந்து மாறி வரும் ஒரு டிரான்ஸ்ஃபர் மாணவர் என்ற விகிதத்தில் ஆள் சேர்ப்பதைத் தன் இலக்காக வைத்திருக்கிறது. அந்த டிரான்ஸ்ஃபர் மாணவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அதே மாநிலத்துக் கம்யூனிட்டி காலேஜ்களிலிருந்து வருகிறவர்கள். பட்டச் சான்றிதழில் எந்த வாசல் வழியாக வந்தார் என்ற குறிப்பு கிடையாது.

ஆனாலும் பாட்டியின் சந்தேகத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. கலிஃபோர்னியாவின் மாநிலத் தணிக்கையாளர் 2024-ல் ஓர் அறிக்கை கொடுத்தார். 2017-க்கும் 2019-க்கும் இடையில் டிரான்ஸ்ஃபர் ஆகும் எண்ணத்தோடு கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தவர்களில், நான்கு ஆண்டுக்குள் பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான். மற்ற நான்கு பேர் எங்கே தங்கிப்போனார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

மூன்று மாடி, ஒரு படிக்கட்டு

இரண்டாண்டுக் கல்லூரி என்ற யோசனை நூற்றாண்டைத் தாண்டியது. இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901-ல், உயர்நிலைப் பள்ளி ஒன்றின் நீட்சியாகத் தொடங்கிய ஜோலியட் ஜூனியர் காலேஜ்தான் இன்றுவரை இயங்கும் அரசு இரண்டாண்டுக் கல்லூரிகளில் மூத்தது. கலிஃபோர்னியா 1907-ல், உயர்நிலைப் பள்ளிகளே கல்லூரிப் பாடங்களை நடத்தலாம் என்று சட்டம் போட்டது. 1910-ல் ஃப்ரெஸ்னோவில் முதல் ஜூனியர் காலேஜ் வந்தது.

இன்றைய வடிவம் கிடைத்தது 1960-ல். உலகப் போருக்குப் பின் பிறந்த பெருந்தலைமுறை கல்லூரி வயதை எட்டவிருந்தது. மாநிலத்தின் கல்வி நிறுவனங்களோ நிதிக்கும் அதிகாரத்துக்குமாகச் சட்டமன்றத்தில் முட்டிக்கொண்டிருந்தன. யூ.சி. தலைவராக இருந்த பொருளியலாளர் கிளார்க் கெர் முன்னின்று 'மாஸ்டர் பிளான்' என்ற ஏற்பாட்டை உருவாக்கினார். ஆளுநர் பாட் பிரவுன் அதைச் சட்டமாக்கினார். பள்ளி முடிப்பவர்களில் மேல் எட்டில் ஒரு பங்கினருக்கு யூ.சி.; மேல் மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலப் பல்கலைக்கழகம், அதாவது இன்றைய சி.எஸ்.யூ.; படிக்க விரும்பும் எவருக்கும் ஜூனியர் காலேஜ், அதாவது இன்றைய கம்யூனிட்டி காலேஜ்.

வீட்டின் கீழ்த்தளம், நடுத்தளம், மேல்தளம் என்று மூன்றாகப் பிரித்துவிட்டால் அது வெறும் சாதி அடுக்குதான். அப்படி ஆகாமல் இருக்க ஒரு படிக்கட்டு வைத்தார்கள். கீழ்த்தளத்தில் இரண்டு ஆண்டு நன்றாகப் படித்தவர், மேல்தளத்தில் மூன்றாம் ஆண்டில் நுழையலாம். பதினேழு வயதில் மதிப்பெண் எடுக்காதவருக்கு இருபது வயதில் இன்னொரு வாய்ப்பு. மாஸ்டர் பிளானின் நியாயமே இந்தப் படிக்கட்டில்தான் தொங்குகிறது.

அதில் ஏறிப் போனவர்கள் உண்டு. பேஸ்பால் வரலாற்றை மாற்றிய ஜாக்கி ராபின்சன் பாசடீனா ஜூனியர் காலேஜிலிருந்து 1939-ல் யூ.சி.எல்.ஏ.வுக்குப் போனவர். மனித மரபணுத் தொகுதியைப் படித்தெடுத்தவர்களில் ஒருவரான கிரெய்க் வென்டர், வியட்நாம் போரிலிருந்து திரும்பிய பிறகு காலேஜ் ஆஃப் சான் மட்டேயோவில் தொடங்கி யூ.சி. சான் டியேகோவுக்கு மாறியவர். நடிகர் டாம் ஹாங்க்ஸ் நுழைவுத் தேர்வில் சொதப்பிவிட்டு, யாரையும் திருப்பி அனுப்பாத, காசும் கேட்காத ஹேவார்டு சாபோ காலேஜில் சேர்ந்தார். பிறகு சாக்ரமென்டோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். தன் வாழ்க்கையே அந்தக் கல்லூரிக்குக் கடன்பட்டது என்று 2015-ல் நியூயார்க் டைம்ஸில் எழுதினார்.

30 பெருக்கல் 46

ஹாங்க்ஸ் படித்த 1970-களில் கம்யூனிட்டி காலேஜில் கல்விக் கட்டணமே இல்லை. 1984-ல்தான் மாநிலம் முழுவதற்குமான கட்டணம் வந்தது: ஒரு யூனிட்டுக்கு 5 டாலர். 2012 கோடையிலிருந்து அது 46 டாலர். விலைவாசி எங்கேயோ போய்விட்டது. இந்த எண் அசையவில்லை.

யூனிட் என்பது இங்கே படிப்பை அளக்கும் படி. ஒரு சாதாரணப் பாடம் மூன்று அல்லது நான்கு யூனிட். செமஸ்டர் முறையில் ஆண்டுக்கு 30, பட்டத்துக்கு மொத்தம் 120. அதில் பாதி, அதாவது 60 யூனிட்டைக் கம்யூனிட்டி காலேஜில் முடிக்கலாம்.

30 யூனிட்டை 46-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 1,380 டாலர். இரண்டு ஆண்டுக்கு 2,760. யூ.சி.யில் உள்மாநில மாணவர் கட்டும் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 14,000 டாலருக்கு மேல். விடுதி, சாப்பாட்டைச் சேர்த்தால் தொகை அதைப்போல இரண்டு மடங்கையும் தாண்டும். கம்யூனிட்டி காலேஜ் மாணவரோ வீட்டிலேயே தூங்கி, வீட்டு ரசம் சாப்பிட்டு, பக்கத்துக் கல்லூரிக்குப் போய்வருகிறார். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு 46 டாலரும் தள்ளுபடி. முதன்முறையாக, முழுநேரமாகச் சேருகிறவர்களுக்கு இரண்டு ஆண்டுவரை கட்டணத்தை விலக்கிக்கொள்ளக் கல்லூரிகளுக்கு 2019-ன் சட்டம் வழி செய்திருக்கிறது.

மிச்சம் இருபத்தைந்தாயிரம் டாலருக்கும் மேல். கல்விக்கடன் ஒரு தலைமுறையின் கழுத்தை நெரிக்கும் நாட்டில் இது சின்னத் தொகையில்லை.

எந்தப் பாடம் எங்கே செல்லும்?

சிக்கல் பணத்தில் இல்லை, பாடத்தில். கூபர்டினோவின் டி ஆன்சா காலேஜில் படித்த கால்குலஸ், பெர்க்லியின் கால்குலஸுக்குச் சமமா? யார் சொல்வது?

இந்தக் கேள்விக்குக் கலிஃபோர்னியா கண்டுபிடித்த விடைதான் அதன் பெரிய சாதனை. இரு நிறுவனங்களின் ஆசிரியர்களும் பாடத்திட்டங்களை அருகருகே வைத்துப் பார்த்து, 'உங்கள் இந்தப் பாடத்தை எங்கள் அந்தப் பாடமாக ஏற்கிறோம்' என்று முன்கூட்டியே எழுதிக்கொள்கிறார்கள். இதற்கு ஆர்ட்டிகுலேஷன் என்று பெயர். 1985-ல் தொடங்கிய 'அசிஸ்ட்' என்ற பொதுத் தரவகத்தில் இந்த உடன்பாடுகள் எல்லாம் இருக்கின்றன. இன்று அது இணையதளம். எந்தக் கல்லூரி, எந்தப் பல்கலைக்கழகம், எந்தத் துறை என்று மூன்றைத் தேர்ந்தெடுத்தால், இடது பக்கம் பல்கலைக்கழகப் பாடம், வலது பக்கம் அதற்கு ஈடான கம்யூனிட்டி காலேஜ் பாடம் என்று பட்டியல் விரியும். வலது பக்கத்தில் ஈடான பாடம் இல்லை என்றிருந்தால், அதை வேறு கல்லூரியில்தான் தேட வேண்டும்.

பட்டியலைப் படிப்பதிலும் நெளிவு சுளிவு உண்டு. பெரும்பாலான கல்லூரிகள் செமஸ்டர் முறை. டி ஆன்சாவில் பருவம் குறுகிய குவார்ட்டர் முறை. அங்கே 60-க்குப் பதில் 90 யூனிட் கணக்கு. யூ.சி.யிலும் பெர்க்லியும் மெர்செடும் செமஸ்டர், மற்றவை குவார்ட்டர். தொடராக வரும் பாடங்களில் பாதியை ஒரு கல்லூரியிலும் மீதியை இன்னொரு கல்லூரியிலும் படித்தால் சில நேரம் இரண்டுமே செல்லாமல் போகும். கணினி அறிவியலுக்கே ஒரு வளாகம் லீனியர் அல்ஜீப்ரா கேட்கும், இன்னொரு வளாகம் இயற்பியலில் கூடுதல் பருவம் கேட்கும். ஐந்து வளாகத்துக்கு விண்ணப்பிக்கும் மாணவர் ஐந்து பட்டியலையும் ஒரே இரண்டு ஆண்டுக்குள் அடக்க வேண்டும்.

இந்தக் குழப்பத்தைக் குறைக்கச் சட்டமன்றம் 2021-ல் இரண்டு சட்டங்கள் போட்டது. ஒன்று, பொதுப் பாடங்களுக்கு யூ.சி.க்கு ஒரு பட்டியல், சி.எஸ்.யூ.வுக்கு வேறொரு பட்டியல் என்றிருந்ததை ஒழித்து, இரண்டுக்கும் செல்லும் ஒரே பட்டியல். 11 பாடம், 34 யூனிட் கொண்ட 'கால்-கெட்சி' என்ற அந்தப் பட்டியல் 2025 இலையுதிர்காலத்தில் நடைமுறைக்கு வந்தது. இன்னொன்று, ஒரே பாடத்துக்கு எல்லாக் கல்லூரியிலும் ஒரே எண். முதல்கட்டப் பாடங்கள் அதே 2025-ல் புது எண் பெற்றன. ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தை மாநிலத்தின் எந்தக் கோடியிலுள்ள கல்லூரியில் படித்தாலும் இனி அது சி1000. சின்ன விஷயம்போலத் தெரியும். 116 கல்லூரிகள் தத்தம் இஷ்டத்துக்கு எண் வைத்திருந்த காலத்தில் பாடம் படித்தும் கணக்கில் சேராமல் போனவர்களைக் கேட்டால் தெரியும் அதன் அருமை.

நாடு முழுவதும் நிலைமை எப்படி? அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2017-ல் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. 2004-க்கும் 2009-க்கும் இடையில் கல்லூரி மாறிய மாணவர்கள், ஈட்டிய கிரெடிட்டில், அதாவது யூனிட்டில், சராசரியாக 43 சதவீதத்தை மாறும்போது இழந்தார்கள். படித்தது மூளையில் இருக்கும், மதிப்பெண் பட்டியலில் இருக்கும், பட்டத்துக்கு மட்டும் சேராது. மறுபடியும் பணம் கட்டி மறுபடியும் அதையே படிக்க வேண்டும்.

உத்தரவாதம் என்ற சொல்

படிக்கட்டில் கைப்பிடியாக இரண்டு உத்தரவாதங்கள் இருக்கின்றன.

முதலாவது 'டேக்'. டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு யூ.சி. வளாகங்கள், குறித்த பாடங்களைக் குறித்த சராசரியோடு முடித்தால் இடம் உறுதி என்று எழுத்தில் தருகின்றன. ஒருவர் ஒரு வளாகத்தை மட்டுமே கேட்கலாம். எல்லோரும் ஆசைப்படும் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியேகோ இந்தத் திட்டத்தில் இல்லை. கணினி அறிவியல்போலக் கூட்டம் மொய்க்கும் துறைகளைப் பல வளாகங்கள் உத்தரவாதத்திலிருந்து எடுத்துவிட்டன.

இரண்டாவது, 2010-ன் சட்டம் உருவாக்கிய டிரான்ஸ்ஃபர் அசோசியேட் பட்டம். கம்யூனிட்டி காலேஜில் வகுத்துவைத்த 60 யூனிட்டை முடித்து இந்தப் பட்டம் வாங்கினால் சி.எஸ்.யூ.வில் மூன்றாம் ஆண்டில் இடம் நிச்சயம். மீதி 60 யூனிட்டில் இளங்கலையை முடித்துவிடலாம். சட்டத்தைக் கொண்டுவந்தவர் அப்போது மாநில செனட்டராக இருந்த அலெக்ஸ் படில்லா.

இந்த இரண்டாவது உத்தரவாதத்தின் சிறு எழுத்தைப் படிக்க வேண்டும். சி.எஸ்.யூ. என்ற அமைப்பில் இடம் நிச்சயம். நீங்கள் கேட்ட வளாகத்தில், கேட்ட துறையில் என்று எங்கும் எழுதவில்லை. சான் ஹோசேயில் வீடு. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. வாரத்துக்கு இருபத்தைந்து மணி நேரம் கடையில் வேலை. அந்த மாணவி சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தால், துறை நிரம்பிவிட்டது என்று சொல்லி, பல மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள வேறு வளாகத்தைக் காட்டினால் என்ன செய்வார்? தாளில் அவருக்கு இடம் கிடைத்துவிட்டது. வாழ்க்கையில் கிடைக்கவில்லை. இப்படித் திருப்பிவிடப்படுகிறவர்களில் மிகச் சிலரே அந்த வளாகங்களில் போய்ச் சேருகிறார்கள்.

கம்யூனிட்டி காலேஜைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் ஊரை விட்டு நகர முடியாதவர்கள். வேலை, குழந்தை, பெற்றோர், வாடகை என்று ஏதோ ஒன்று அவர்களைக் கட்டிவைத்திருக்கிறது. அவர்களுக்கு 'உள்ளூர்' என்பது வசதி மட்டும் கிடையாது. அது இருந்தால்தான் படிப்பே உண்டு. சி.எஸ்.யூ. வளாகங்கள் தங்கள் பகுதிக் கல்லூரி மாணவர்களுக்கு முன்னுரிமை தருவது இதனால்தான் முக்கியம். அந்த முன்னுரிமை கூட்டத் துறைகளின் வாசலில் மங்கிப்போகிறது என்பதுதான் நடப்பு.

ஆசையை ஆறவைக்கும் கல்லூரி

மாஸ்டர் பிளான் சட்டமான அதே 1960-ல், பர்ட்டன் கிளார்க் என்ற சமூகவியலாளர் ஒரு புத்தகம் வெளியிட்டார். சான் ஹோசே நகரின் ஜூனியர் காலேஜை உள்ளிருந்து ஆராய்ந்து எழுதியது. தலைப்பிலேயே அதைத் திறந்த கதவுக் கல்லூரி என்றார். ஆனால் கதவுக்குப் பின்னால் அவர் கண்டது வேறு. பல்கலைக்கழகக் கனவோடு வந்தவர்களில் பலரை அந்தக் கல்லூரி முகத்தில் அடித்ததுபோல வெளியேற்றவில்லை. நுழைவில் ஒரு சோதனை, அடிப்படையைத் திரும்பப் படிக்கச் சொல்லும் வகுப்பு, ஆலோசகரின் இதமான பேச்சு, 'இதைவிட அது உனக்குப் பொருத்தமாக இருக்குமே' என்ற ஒரு வரி. மாணவர் தன் ஆசையைத் தானே குறைத்துக்கொண்டு போய்விடுவார். எந்த நாளில் தோற்றோம் என்றுகூட அவருக்குத் தெரியாது.

ஏமாந்தவனைச் சத்தம் போடாமல் ஆற்றி அனுப்பும் வித்தைக்கு மோசடிக்காரர்களிடம் ஒரு பேர் உண்டு. அதையே கிளார்க் இதற்கும் வைத்தார். சூடாக வந்த ஆசையை ஆறவைப்பது. நம் ஊரில் 'விஷயத்தை ஆறப்போடு' என்பார்களே, அதே தந்திரம்.

அறுபது ஆண்டுகளில் அந்தச் சோதனையின் விளைவு பூதாகரமானது. கணக்கில் சற்றுத் தடுமாறியவர்கள், பட்டத்துக்குச் சேராத அடிப்படை வகுப்புகளில் ஒன்று, இரண்டு, மூன்று பருவம் என்று சுற்றினார்கள். பெரும்பாலோர் அங்கேயே ஓய்ந்தார்கள். 2017-ல் வந்த சட்டம் இதை உடைத்தது. பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்தே, டிரான்ஸ்ஃபருக்குச் செல்லும் பாடத்தில் நேரடியாகச் சேர்க்க வேண்டும். தேவைப்பட்டால் பக்கத்துணையாக உதவி வகுப்பு கொடுக்கலாம். அதன்பின் முதலாண்டிலேயே கல்லூரிக் கணக்கை முடிப்பவர்களின் எண்ணிக்கை பெரிதாக உயர்ந்தது.

ஆனாலும் ஓட்டை மிச்சமிருக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கம்யூனிட்டி காலேஜ் ஆய்வு மையமும் ஆஸ்பென் நிறுவனமும் சேர்ந்து 2024-ல் நாடு தழுவிய கணக்கை வெளியிட்டன. கம்யூனிட்டி காலேஜில் புதிதாகச் சேருகிறவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நான்காண்டுக் கல்லூரிக்கு மாறுகிறார். ஆறு ஆண்டுக்குள் இளங்கலைப் பட்டம் வாங்குகிறவர்கள் 16 சதவீதம். சேரும்போது பட்டம் வாங்கும் எண்ணம் இருந்தவர்களோ ஐந்தில் நான்கு பேர்.

இவர்களெல்லாம் திறமை இல்லாதவர்களா? இல்லை என்பதற்குச் சான்று மறுபக்கத்தில் இருக்கிறது. யூ.சி.க்குப் போய்ச் சேர்ந்த டிரான்ஸ்ஃபர் மாணவர்கள், முதலாண்டிலேயே சேர்ந்தவர்களுக்கு இணையான விகிதத்தில் பட்டம் வாங்குகிறார்கள். படிக்கட்டில் ஏறியவர் மேல்தளத்தில் தடுமாறுவதில்லை. தடுமாற்றம் முழுக்கப் படிக்கட்டில்தான். வரைபடம் கையில் இருந்தவர் ஏறுகிறார். கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஆள் இல்லாதவர் நின்றுவிடுகிறார். கறுப்பின, லத்தீனோ மாணவர்களில் டிரான்ஸ்ஃபர் ஆகிறவர்களின் விகிதம் சராசரிக்கும் கீழே இருப்பதை மாநிலத் தணிக்கையாளரின் அறிக்கை சுட்டுகிறது.

விசாவும் 21-ம் பிறந்தநாளும்

நம்மவர் வீடுகளில் இன்னொரு முடிச்சு. பெற்றோர் ஹெச்-1பி வேலை விசாவில், பிள்ளை அவர்களைச் சார்ந்த ஹெச்-4 விசாவில். கலிஃபோர்னியாவில் நிலையாகக் குடியிருப்பவர் என்று நிரூபித்தால் ஹெச்-4 பிள்ளைக்கும் 46 டாலர் கட்டணம் கிடைக்கும். ஆனால் அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவித்தொகை கிடையாது. 21 வயது நிறைந்த நாளில் ஹெச்-4 தகுதி முடிந்துவிடும்.

பதினெட்டில் சேர்ந்து, இருபதில் டிரான்ஸ்ஃபர் ஆகி, நான்காம் ஆண்டில் கால் வைக்கும்போது அந்தப் பிறந்தநாள் வந்து நிற்கும். அதற்குள் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறியாக வேண்டும். மாறினால் 'உள்மாநிலத்தவர்' என்ற தகுதியே கேள்விக்குள்ளாகும். கட்டணம் பல மடங்கு ஏறக்கூடும். கிரீன் கார்டு வரிசை பல்லாண்டு நீளும் குடும்பங்கள், முதல் பருவத்தில் பாடம் தேர்ந்தெடுக்கும்போதே இந்தத் தேதியையும் காலண்டரில் குறித்துவைப்பது நல்லது. இந்தியாவிலிருந்து நேரடியாக எஃப்-1 விசாவில் கம்யூனிட்டி காலேஜுக்கு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு 46 டாலர் பொருந்தாது, வெளிமாநிலக் கட்டணம்தான். அப்படியும் யூ.சி.யின் முதல் இரண்டு ஆண்டைவிட மலிவு.

போய்ச் சேர்ந்த பிறகு

டிரான்ஸ்ஃபர் ஆன முதல் பருவத்தில் மதிப்பெண் சரிவதை ஆய்வாளர்கள் 1960-களிலேயே கவனித்து 'டிரான்ஸ்ஃபர் ஷாக்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். முப்பது பேர் வகுப்பிலிருந்து முந்நூறு பேர் அரங்கத்துக்கு வந்த அதிர்ச்சி அது. பேராசிரியருக்கு முகம் தெரியாது. பத்து வாரத்தில் குவார்ட்டர் முடிந்துவிடும். மற்றவர்கள் இரண்டு ஆண்டாகச் சேர்த்த நட்பும் ஆய்வகத் தொடர்பும் இவர்களுக்கு இல்லை. பெரும்பாலோர் இரண்டாவது, மூன்றாவது பருவத்தில் நிமிர்ந்துவிடுகிறார்கள். போன முதல் வாரமே பேராசிரியரின் அலுவலக நேரத்தில் கதவைத் தட்டுகிறவர்கள் சீக்கிரம் நிமிர்கிறார்கள். கோடைப் பயிற்சி வேலைக்கான விண்ணப்பங்கள் செப்டம்பரிலேயே தொடங்கிவிடும் என்பதும், கையில் இருப்பது ஒரே ஒரு கோடை என்பதும் இவர்கள் மறக்கக் கூடாதவை.

தேதி பார்த்து நடங்கள்

* முதல் பருவம்: கவுன்சலரைச் சந்தித்து இரண்டு ஆண்டுக்கான பாடத்திட்டத்தை எழுத்தில் வாங்குங்கள். அசிஸ்ட் பட்டியலை நீங்களே ஒருமுறை சரிபாருங்கள்.
* முதலாண்டு முடிவதற்குள்: துறைக்கான கணிதம், அறிவியல் தொடர்களைத் தொடங்கியிருக்க வேண்டும். பொதுப் பாடங்கள் காத்திருக்கும்; தொடர்ப் பாடங்கள் காத்திருக்காது.
* இரண்டாம் ஆண்டு செப்டம்பர்: டேக் விண்ணப்பம். மாதம் முடிந்தால் வாய்ப்பும் முடிந்தது.
* அக்டோபர், நவம்பர்: யூ.சி., சி.எஸ்.யூ. விண்ணப்பங்கள். கடைசி நாளுக்குக் காத்திராதீர்கள்.
* ஏப்ரல்: யூ.சி. முடிவுகள் வரத் தொடங்கும். ஜூன் முதல் தேதிக்குள் இடத்தை உறுதிசெய்ய வேண்டும்.

நம் ஊரில் படிக்கட்டு எங்கே?

தமிழ்நாட்டுக்கு இந்தக் கதை அந்நியமில்லை. பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமோ முடித்தவர் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரும் 'லேட்டரல் என்ட்ரி' நம்முடைய டிரான்ஸ்ஃபர்தான். இதற்கான கலந்தாய்வைக் காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி பல்லாண்டு நடத்தி வந்திருக்கிறது. லாரி ஓட்டுநரின் பிள்ளையும் நெசவாளியின் பிள்ளையும் பொறியாளரான வழி அது. அது வேலை செய்வதற்குக் காரணம், எந்த டிப்ளமோவுக்கு எந்த பி.இ. என்பதும், எந்த ஆண்டில் நுழையலாம் என்பதும் முன்கூட்டியே எழுதப்பட்டிருப்பதுதான்.

கம்யூனிட்டி காலேஜும் இங்கே உண்டு. 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கியது. 1996-ல் சென்னையில் மெட்ராஸ் கம்யூனிட்டி காலேஜ் வந்தது. இயேசு சபைக் கல்வியாளர் சேவியர் அல்போன்ஸ் இந்த முறையை நாடெங்கும் கொண்டுசென்றார். பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்கு ஆறு மாதம், ஓராண்டில் கைத்தொழில் கற்றுக்கொடுத்து வேலைக்கு அனுப்பிய அருமையான முயற்சி அது. ஆனால் அங்கிருந்து பட்டப்படிப்புக்கு உறுதியான படிக்கட்டு கட்டப்படவில்லை. கலிஃபோர்னியாவின் கீழ்த்தளத்தை எடுத்துக்கொண்டோம். படியை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

இப்போது கிரெடிட் வங்கி வந்திருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2021-ல் விதிகளை வெளியிட்டது. மாணவர் ஈட்டும் கிரெடிட் ஒரு கணக்கில் சேரும், ஓரிடத்தில் விட்ட படிப்பை இன்னோரிடத்தில் தொடரலாம் என்பது வாக்குறுதி. கலிஃபோர்னியாவின் அறுபத்தைந்து ஆண்டு அனுபவம் இதைப் பற்றிச் சொல்வது ஒன்றுதான்: கிரெடிட்டைச் சேமித்துவைப்பது எளிது, செலாவணி ஆக்குவதுதான் கடினம். வாங்கிக்கொள்ளும் பல்கலைக்கழகம் பாடத்துக்குப் பாடம் ஏற்பதாகக் கையெழுத்துப் போடாதவரை, வங்கியில் இருக்கும் கிரெடிட் கடைக்காரர் வாங்க மறுக்கும் நோட்டுதான். மாநில அரசும் பல்கலைக்கழகங்களும் முதலில் உருவாக்க வேண்டியது அந்தப் பட்டியலை. எந்த மாணவரும், எந்த மாணவரின் அம்மாவும், செல்பேசியில் திறந்து பார்க்கக்கூடிய பட்டியலை.

ஃப்ரீமான்ட் அப்பாக்களுக்கும் அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை திருச்சியிலிருந்து ஃபோன் வந்தால் கல்லூரியின் பெயரை உரக்கச் சொல்லுங்கள். பிள்ளையும் பக்கத்து அறையில் கேட்கட்டும். பேச்சு முடிந்ததும் அவனோடு உட்கார்ந்து அசிஸ்ட் பட்டியலைத் திறங்கள். முதல் பருவத்துப் பாடங்களைப் பதிவு செய்வதற்கு முன்னால் அதைச் செய்துவிடுங்கள்.